மச்சினன் போட்ட சதுர அடி

வெளியாள் வீடு கட்டினால் ஒப்பந்தம் எழுதலாம். மச்சினனிடம் பத்திரத்தை நீட்டினால், "நமக்குள்ள என்ன மாமா கணக்கு?" என்பான். அந்தக் கணக்கு தளம் போட்ட மறுநாள் பிறக்கும். சன்ஷேடு, மாடிப்படி, செப்டிக் டேங்க், தரைக்கடித் தொட்டி எல்லாம் அவன் கூலி போடும் சதுர அடிக்குள் வந்துவிடும். பூச்சு வேலை மட்டும் "அது தனி மாமா". சென்ட்ரிங் பலகை வாடகையா? அதுவும் தனிதான்.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் செல்லும். வேலைக்கூலிப் பாக்கிக்கு 3 ஆண்டுக்குள் வழக்கும் போடலாம். சாட்சிதான் சிக்கல்: இரு தரப்புக்கும் ஒரே சாட்சி, மாமியார். அவர் எந்தப் பக்கம் என்பதைச் சட்டம் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

கிரகப்பிரவேசத்துக்கு மச்சினன் சீர்த்தட்டோடு வந்து, மொய் நோட்டில் 5,001 என்று கம்பீரமாக எழுதினான். மறுவாரம் வந்த பாக்கிப் பட்டியலில், சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் நடுவே, "இதர செலவு: 5,001".