மொரிஸ்கார ஐயா

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில், அவிசாவளையைத் தாண்டி எட்டியாந்தோட்டைப் பக்கம் போனாலும் சரி, இரத்தினபுரியைக் கடந்து இறக்குவானைப் பக்கம் இறங்கினாலும் சரி, தவறாமல் எதிர்ப்படக்கூடிய பிரகிருதி ஒருவர் உண்டு. அவர் ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கராக இருக்கலாம். டீமேக்கராகவோ, பாடசாலை அதிபராகவோ, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆயுள் முழுவதும் ஒரே நிறத்து மிக்ஸ்சரைச் சகல வியாதிகளுக்கும் ஊற்றிக்கொடுத்துப் பிரக்கியாதி பெற்றவராகவோ இருக்கலாம். பார்த்த உத்தியோகம் எதுவாயினும் அதை ஊரார் மறந்து வெகுகாலமாயிற்று. அவருடைய வாசலில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. ஆகையால் அவர் மொரிஸ்கார ஐயா. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

நான் அறிந்த ஐயா ஓய்வு பெற்ற கிளாக்கர். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் அந்த வண்டியின் வம்ச சரித்திரத்தைக் கேட்டாக வேண்டும். ஸ்மிர்னா நகரத்தில் பிறந்த அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் மேதை அதைச் சிருஷ்டித்த காலத்தில் அதற்குக் கொசு என்று செல்லப்பெயர் வழங்கியதையும், முதலாளியாகிய நூபீல்ட் பிரபு அதன் உருவத்தைக் கண்டு வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டைக்கு ஒப்பிட்டு இகழ்ந்ததையும், அகலம் போதவில்லையென்று இஸ்ஸிகோனிஸ் மாதிரி வண்டியை நட்டநடுவே அறுத்து நான்கு அங்குலம் விரித்துச் சேர்த்ததையும், முன்கூட்டியே செய்து அடுக்கிவிட்ட பம்பர்களை வீணாக்க மனமில்லாமல் அவற்றையும் நறுக்கி நடுவில் ஒட்டுத்துண்டு வைத்ததையும், 1948 ஆம் ஆண்டில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அரங்கேறிய அது 1971 வரையில் ஏறக்குறைய 16 இலட்சமாகப் பெருகியதையும் ஐயா சொல்லி முடிப்பதற்குள் விருந்தாளியின் தேநீர் ஆறிப்போகும். இந்தச் சரித்திரத்திலிருந்து அவர் கண்ட சித்தாந்தம் ஒன்றே: அறுத்து ஒட்டப்பட்டே ஜனித்த வண்டியை இன்னும் எத்தனை தடவை அறுத்து ஒட்டினாலும் அதன் பிறவிக் குணம் கெடாது.

வண்டி அவர் கைக்கு வந்த விதமும் கேட்கத்தக்கது. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து 1977 வரையில் இறக்குமதிக் கட்டுப்பாடு நாட்டை இறுக்கிப் பிடித்திருந்தபடியால், புதிய கார் என்பது பத்திரிகைப் படத்தில் மாத்திரம் காணக்கூடிய வஸ்துவாக இருந்தது. இதனிடையே 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது, சீமைக்குத் திரும்பிய துரைமார் நாயை ஒருவருக்கும், பியானோவை ஒருவருக்கும், மோட்டாரைக் கிளாக்கருக்கும் தள்ளிவிட்டுக் கப்பலேறினார்கள். தள்ளிவிட்டார்கள் என்னும் அந்தச் சொல்லில் எதிர்காலம் முழுவதும் அடங்கியிருந்ததை அப்போது எவரும் உணரவில்லை.

மொரிஸ்காரர்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. ஐம்பதுகளில் நம்பர் பலகைக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து நம்பர் வைத்திருப்பவர், ஸ்ரீ நம்பர்காரரைச் சிறுவனாகவே பாவிப்பார். கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, திரும்பும்போது கதவோரத்துத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய கைகாட்டி இருக்கிறதா என்றெல்லாம் கோத்திரம் விசாரித்துக்கொண்ட பிறகே சம்பாஷணை ஆரம்பமாகும்.

வண்டிக்கு வரும் நோய்களில் ஐயாவின் மனத்துக்கு மிகவும் உகந்தது பெற்றோல் பம்பு நின்றுபோவது. சாவியைத் திருகியவுடன் எஸ். யூ. பம்பு டிக் டிக்கென்று அவசரமாக அடித்து, கார்புரேற்றர் நிரம்பியதும் நிதானமடைந்து ஓயும். அந்த ஓசையைக் கொண்டே ஐயா அன்றைய பிரயாணத்தின் சுபாசுபங்களைக் கணித்துவிடுவார். ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவின் நடுவே, பின்னால் பஸ் ஒன்று கொம்பு ஊதிக்கொண்டிருக்கையில், அந்த ஓசை நிற்கும், வண்டியும் நிற்கும். ஐயா பதறமாட்டார். இறங்கி, சால்வையை ஆசனத்தில் மடித்து வைத்து, பானட்டைத் திறந்து, ஸ்பானரின் பிடியால் பம்பின் தலையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, காதைத் தாழ்த்திக் கேட்பார். உள்ளே ஒட்டிக்கொண்ட பொயின்ற் விடுபட்டு மறுபடியும் டிக் என்னும். அந்தச் சமயத்தில் அவர் முகத்தில் தோன்றும் பிரகாசத்தை, மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்றுகூடத் தாம் காணவில்லையென்று அவருடைய சகதர்மிணி பலரிடம் பிரஸ்தாபித்திருக்கிறார். “நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு நாளாவது இப்புடிக் காது குடுத்துக் கேட்டிருப்பீங்களா?” என்பது அந்த அம்மாளுடைய நெடுநாளைய கேள்வி. ஐயா இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மழை இன்னொரு சத்துரு. இரத்தினபுரியில் வருஷத்துக்குச் சராசரி 3,500 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற மழை, சீமைத் தகட்டுக்கு எவ்விதச் சலுகையும் காட்டுவதில்லை. பின்னாசனத்தில் இருக்கும் பேரக்குழந்தை காலடி ஓட்டை வழியாகப் பாதை ஓடுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கும். ஐயா அதற்குக் காற்றோட்டம் என்று பெயரிட்டிருக்கிறார்.

இதைவிட விநோதம் ரப்பர் விஷயம். தீவின் ரப்பர் பெருமளவு விளைவது கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை ஆகிய மாவட்டங்களில். ஐயாவின் குவாட்டர்ஸ் வாசலில் நின்று பார்த்தால் பால்வெட்டுச் சிரட்டைகள் வரிசையாகத் தெரியும். ஆனால், முன்சில்லுக்கு வேண்டிய சுண்டுவிரல் அளவு ரப்பர் புஷ் சீமையிலிருந்து வந்து சேரும்வரையில் அவர் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு நடையாய் நடப்பார். போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர் தொண்ணூறுகளில் இந்த வண்டிக்கான தகடுகளை இலங்கையிலேயே அடிப்பித்து அங்கே எடுத்துக்கொண்டு போனார். இங்கே விளைந்த ரப்பர் அங்கிருந்தும், அங்கே ஓடும் வண்டிக்குத் தகடு இங்கிருந்தும் பயணம் பண்ணுகிற இந்த ஏற்பாட்டை விளக்கும்படி நான் ஒருமுறை கேட்டேன். வியாபார சாஸ்திரம் வேறு, விவேகம் வேறு என்று சொல்லிவிட்டு ஐயா பேச்சை மாற்றினார்.

வைத்தியர் விஷயத்தில் அவர் பரம சனாதனி. பற்றரியின் நேர்முனையை வண்டியின் உடலோடு பூட்டுவது அந்தக் காலத்து மொரிஸின் சம்பிரதாயம். இதை அறியாத பட்டணத்துப் பையன் ஒருவன், எல்லாக் கார்களிலும் செய்வதையே இதிலும் செய்து, ரேடியோவைப் புகைய வைத்துவிட்டான். அன்று முதல் இளைஞர் எவரையும் ஐயா வண்டியருகே அனுமதிப்பதில்லை. தமக்குச் சம வயதான சிங்கள மெக்கானிக் பாஸ் ஒருவரை மாத்திரமே நம்புவார். பாஸ் வந்து, திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து வெகுநேரம் கண்மூடிக் கேட்டுவிட்டு, “மாத்தயா, இன்னும் ஓடும்” என்பார். என்ன நோயாயினும் தீர்ப்பு அதுதான். பிரேக் மாஸ்டர் சிலிண்டரைச் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே ஒளித்து வைத்த இஸ்ஸிகோனிஸை மட்டும் இருவரும் குப்புறப் படுத்தபடி தத்தம் பாஷையில் வைது தீர்ப்பார்கள்.

இத்தனை பராமரிப்புக்குப் பின்னரும் வண்டி புறப்படுவது லயத்துப் பையன்கள் தள்ளுவதால்தான். ஐயா கிளாக்கராக இருந்த காலத்தில், காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களுக்குச் செக்ரோலில் தயவுதாட்சணியமின்றி அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், போட்டவர். அவர்களுடைய பேரன்மார்தாம் இப்போது மட்கார்டில் கை வைத்து நிற்கிறார்கள். இறக்கத்தில் எந்த இடத்தில் கிளச்சை விட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. “செக்கன்ல போட்டு இப்ப விடுங்கய்யா!” என்று உத்தரவிடுவது அவர்கள், கீழ்ப்படிவது ஐயா. ஒரு நாள் அவர் வெளியே வரச் சற்றுத் தாமதமாயிற்று. “ஐயா லேட்டு. இன்னைக்கு அரைப்பேர்தான் தள்ளுவோம்” என்றான் ஒருவன், பாதித் தூரத்தில் எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். ஐயா நடுவழியில் உட்கார்ந்தபடியே, தமது வாழ்நாளில் முதன்முறையாக, மன்னிப்புக் கோரினார்.

அவருடைய கீர்த்தி உச்சத்தை எட்டியது 2022 இல். பெற்றோலுக்காக ஊர் ஊராக வரிசை நீண்டு, எரிபொருள் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய அந்த நாட்களில், ஒரு துளியையும் வீணாக்க அஞ்சிய ஜப்பான் வாகனக்காரர்கள் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். தள்ளுவதற்கும் ஓர் இலக்கணம் உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது. ஐயா வரிசையின் ஓரமாக நடந்து, ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது, தோளை எங்கே கொடுப்பது, எப்போது மூச்சு விடுவது என்று உபதேசித்துக்கொண்டே போனார். இரத்தினக்கல்லில் பணம் கண்ட கனவான் ஒருவர் தமது பெரிய ஜீப்பின் பின்னால் நின்று பணிவோடு கேட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

2020 இல் வாகன இறக்குமதியை மறுபடியும் நிறுத்தி, 2025 இல்தான் தனியார் கார்களுக்கு வழி திறந்தார்கள். இந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறவே, கல்யாண ஊர்வலங்களுக்கு மொரிஸை அலங்கரித்து வாடகைக்கு விடும் கொழும்புக்காரர் ஒருவர் விசாரித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். ஐயா அவரை உட்காரவைத்துப் பரீட்சையைத் தொடங்கினார்.

“முன்சில்லு ட்ரனியனுக்கு எத்தன நாளைக்கொருக்கா கிறீஸ் அடிப்பீங்க, தம்பி?”

“அதுக்கெல்லாம் ஆள் இருக்கு ஐயா.”

“பம்பு நின்னா?”

“புதுசு மாத்திருவோம்.”

ஐயா எழுந்து கைகூப்பினார். வந்தவர் போன பிறகு அம்மாள் வெளியே வந்து, “எவ்வளவுக்குக் கேட்டார்னு தெரியுமா?” என்றார். தமக்கு அந்த விஷயத்தில் சிரத்தையில்லை என்றார் ஐயா. படியிறங்கும்போது வந்தவர் தம்மிடம் சொல்லிவிட்டுப் போன தொகையை அம்மாள் சொன்னார். ஐயா சற்று நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, விருந்தாளியைப் பிரதான பாதை வரையிலாவது சென்று வழியனுப்பாதது மரியாதையாகாது என்று முணுமுணுத்தபடி, சால்வையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். சாவியைத் திருகினார். பம்பு அடித்தது, இயந்திரம் அசையவில்லை. லயத்துப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பையன்கள் வந்தார்கள். மட்கார்டில் ஒருவனும் கை வைக்கவில்லை.

“விக்கிறதுக்குன்னா தள்ள மாட்டோம், ஐயா.”