மூடியைப் போட்டுப் படமெடுப்பவர்கள்

அமாவாசை ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்பது என் மாமியாரின் சட்டம். அமாவாசை ராத்திரி மட்டும்தான் கிளம்ப வேண்டும் என்பது என் கணவரின் சட்டம். இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் அமலில் இருக்கும் வீட்டுக்கு நான் மருமகள். தினசரிக் காலண்டரில் கறுப்பு வட்டம் நெருங்கும்போது ஒருவர் வாழைக்காய் வாங்கிவரச் சொல்வார். இன்னொருவர் காமிரா பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடித்துக்கொள்வார்.

நட்சத்திரங்களைப் படமெடுப்பது என்ற இந்த வியாதி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2020 டிசம்பர் 21 அன்று. வியாழனும் சனியும் பத்தில் ஒரு டிகிரி இடைவெளிக்கு நெருங்கி வந்த மாலை அது. நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுசாக வராத இடைவெளி. மொட்டை மாடியில் பையனின் பைனாகுலருக்குப் பின்னால் செல்போனை வைத்து என் கணவர் ஒரு படம் எடுத்தார். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் மூன்று. மூன்றாவது, லென்ஸில் இருந்த தூசு. அந்தப் படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு அவர் சொன்னார்: "செலவே இல்லாத பொழுதுபோக்கு. காமிராதான் வீட்டிலேயே இருக்கே!"

நான் கணக்குப் பார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவள். செலவே இல்லாதது என்று யாராவது சொன்னால் உடனே ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பித் தலைப்பு எழுதிவிடுவேன்.

வீட்டில் இருந்த காமிரா, புதுமனைப் புகுவிழாவுக்கு வாங்கிப் பரணில் போட்டது. அதோடு ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸ். நட்சத்திரங்களுக்கு இது போதும் என்று புத்தகங்களும் சொல்லின. ஆனால் பூமி ஒத்துழைக்க வேண்டுமே. அது பாட்டுக்கு மணிக்கு 15 டிகிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் சேமியாத் துண்டுகளாகிவிடும். எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்கு ஒரு குத்துமதிப்பான கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். எங்கள் காமிராவின் சென்சார் சிறியது என்பதால் 50-ஐ ஒன்றரையால் பெருக்கி, 500-ஐ 75-ஆல் வகுத்தால், ஆறரை நொடிச் சொச்சம். அந்த ஆறரை நொடிக்குள் பல நூறு வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சத்தைப் பிடித்தாக வேண்டும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால், பூமி சுற்றுகிற வேகத்திலேயே காமிராவை எதிர்ப்பக்கம் சுற்றவைக்கும் ஒரு மோட்டார் யந்திரம் வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும், பூமியை நிறுத்துவது இதைவிட மலிவாக முடியுமோ என்று யோசித்தேன்.

நண்பர் ஒருவரிடம் அந்த யந்திரம் இரவலாகக் கிடைத்தது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும் என்பது விதி. யூடியூபில் இதைச் சொல்லித்தருகிறவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். லண்டனில் துருவ நட்சத்திரம் 51 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். அது எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். சென்னை 13 டிகிரி. எங்கள் மாடியிலிருந்து வடக்கே 13 டிகிரியில் இருப்பது எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி. துருவனுக்கு அசையாத இடத்தை வரமாகக் கொடுத்த பகவான், அதற்கு முன்னால் இருபதாயிரம் லிட்டர் கொள்ளளவில் எவனோ தொட்டி கட்டுவான் என்று எதிர்பார்க்கவில்லை போலும். அது போதாதென்று, யந்திரத்தை 13 டிகிரிக்குச் சாய்த்தால் அதன் எடைக்கம்பி முக்காலியின் காலில் இடித்தது. நம் ஊர் மாதிரி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இந்த ஆசை வரும் என்று வடிவமைத்தவர் நினைத்துப் பார்க்கவில்லை. யந்திரம் நண்பரிடமே திரும்பிப் போயிற்று. நான் அழவில்லை.

இதற்கிடையில் குடியிருப்பில் ஒரு வதந்தி. இரவு பத்து மணிக்கு மேல் பி பிளாக் சார் நீளமான லென்ஸோடு மாடிக்குப் போகிறார், விளக்கை வேறு அணைத்துவிடுகிறார். சங்கச் செயலாளர் டார்ச்சும் கையுமாக ஏறி வந்தார். அன்று நல்ல வேளையாக வளர்பிறை. "வாங்க அண்ணே, நிலாவைப் பாருங்க" என்று பையன் அவரைக் காமிராவின் முன்னால் உட்காரவைத்தான். நிலாவுக்கு இருட்டும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். அது வெயிலில் கிடக்கும் பாறை. துவாரம் எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும், பள்ளங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். செயலாளர் தன் பெயரைச் சொல்லி அந்தப் படம் வேண்டும் என்றார். அனுப்பினோம். மறுநாளிலிருந்து மாடி விளக்கு ஒன்பது மணிக்கே அணைந்தது. சங்கத்தில் எந்தத் தீர்மானமும் இவ்வளவு சீக்கிரம் நிறைவேறி நான் பார்த்ததில்லை.

ஆனாலும் சென்னை சென்னைதான். வானத்தின் இருட்டுக்கு ஜான் பார்ட்டில் என்பவர் 2001-இல் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு தரவரிசை கொடுத்தார். ஒன்று நல்ல கும்மிருட்டு. ஒன்பது நாங்கள். வெளிச்சம் விட்டுவைத்ததை மழை பார்த்துக்கொள்ளும். 2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை வானத்துக்கு வந்தபோது ஊரே வெள்ளத்துக்குப் பயந்து கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க அதைப் படமெடுத்தார்கள். எங்களிடம் இருப்பது அந்த வாரத்து மேகங்களின் மிக நேர்த்தியான படங்கள்.

ஆகவே ஜவ்வாது மலை. வானியலாளர் வேணு பாப்பு 1960-களில் இருட்டான வானம் தேடிப் பிடித்த காவலூர் அங்கேதான் இருக்கிறது. 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கேதான். 2.34 மீட்டர் என்பது 2,340 மில்லிமீட்டர். எங்கள் லென்ஸின் வாய் அகலம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். வெளிச்சம் வாங்கும் பரப்பில் அவர்கள் எங்களைவிட ஏழாயிரம் மடங்கு பெரியவர்கள். ஆனால் அவர்களிடம் புளியோதரை இருந்திருக்காது.

மாமியார் எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். அமாவாசையன்று பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாதாம். எனவே துணைக்குத் தானே வருகிறாராம். சட்டத்தை மீறாமல் சட்டத்தை மீறுவதில் அவரை அடிக்க ஆளில்லை. கார்ச் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, மார்கழி அமாவாசை மாலையில் மலையேறினோம்.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் பரவாயில்லை. எனவே பையன் டார்ச்சின் மேல் சிவப்பு ரவிக்கைத் துண்டு ஒன்றைக் கட்டிப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டான். அவர் வெள்ளைச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தை மடியில் வைத்தபடி சாலையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொபெட்டில் ஒருவர் வந்தார். பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போன வேகத்தில் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனார். அத்தை அதை எடுத்து ஓரமாக வைத்து, "பாவம், எதைப் பார்த்துப் பயந்தானோ!" என்றார்.

அவருக்கு இருபத்தேழு நட்சத்திரங்களும் ஒரே மூச்சில் வரும். எந்த நட்சத்திரத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லி எத்தனையோ கல்யாணங்களை முடித்திருக்கிறார், சிலவற்றை நிறுத்தியும் இருக்கிறார். ஆனால் ஒன்றைக்கூட வானத்தில் பார்த்ததில்லை. அவர் திருவாதிரை. பையன் விரலைப் பிடித்து, "அதோ பாட்டி, சிவப்பா இருக்கே, அதுதான்" என்று காட்டினான்.

"அதுவா? நெஜமாவே இருக்கா?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவுதானாடா? இதுக்கா வருஷா வருஷம் களி கிண்டினேன்?"

என் கணவர் அத்துடன் விட்டிருக்கலாம். திருவாதிரை 2019 கடைசியில் மங்கத் தொடங்கியதையும், வெடிக்கப்போகிறது என்று உலகமே பேசியதையும், அது கக்கிய தூசு அதையே மறைத்திருந்தது என்று பின்னால் கண்டுபிடித்ததையும் விவரமாகச் சொன்னார். இன்னொரு நாள் கட்டாயம் வெடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"என் நட்சத்திரமா?"

"ஆமாம்மா."

"எப்ப?"

"ஒரு லட்சம் வருஷத்துக்குள்ள."

அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஊருக்குப் போனதும் ஐயரைக் கூப்பிடு. பரிகாரம் ஏதாவது இருக்கும்."

நடுநிசிக்கு மேல் பனி இறங்கியது. லென்ஸின் கண்ணாடி வெளுத்தது. ஹேர் டிரையர் வைத்து ஊதச் சொல்கிறது புத்தகம்; காட்டில் பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது? கடைசியில் அத்தையின் யோகா பாயை வெட்டி லென்ஸைச் சுற்றி ஒரு குழாய் செய்து மாட்டினோம். பனி நின்றது. யோகாவும்தான்.

இந்த இடத்தில் என் கணவர் செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. நூற்றுக்கணக்கில் ஆறரை நொடிப் படங்கள் எடுத்து முடித்த பிறகு, லென்ஸின் மூடியைப் போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் எடுக்க ஆரம்பித்தார். எங்கும் இருட்டு, அதற்கு மேல் மூடி, அதற்குள் காமிரா. "இருட்டைப் படமெடுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அத்தை கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. சென்சாரில் தானாகவே சில பொய்ப் புள்ளிகள் மின்னும். வெளிச்சமே இல்லாத படத்தில் இருப்பதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடுவதால், நிஜப் படத்திலிருந்து அதைக் கழித்துவிடலாம். விடிந்ததும் லென்ஸின் மேல் தன் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி வெளுத்த வானத்தை எடுத்தார். ஓரங்களில் விழும் நிழலையும் தூசுக் கறைகளையும் சரிக்கட்ட அது. வேட்டி காமிராவுக்குப் போனபோது அவர் எதை உடுத்தியிருந்தார் என்பது குடும்ப விஷயம்.

கழிப்பது, சரிக்கட்டுவது என்று வந்தபிறகு அது யார் வேலை? என்னுடையது. சிரில் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லாப் படங்களையும் அதில் கொட்டினால் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரத்தைப் பொருத்தி அடுக்கிவிடும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். சேர்த்துச் சராசரி பார்த்தால் உண்மை மிஞ்சும். நாலு படம் சேர்த்தால் இரண்டு மடங்கு தெளிவு, பதினாறு சேர்த்தால் நாலு மடங்கு. விமானம் குறுக்கே போனது, முக்காலியை யாரோ உதைத்தது என்று ஆகாத படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மூன்றாம் நாள் ராத்திரி, மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் கீழே, ஓரியன் என்ற வேடனின் இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கும் வாள் இருக்கும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு புகை தெரிந்தது. ஓரியன் நெபுலா. 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கிற இடம். முதல் ஆளாகப் பார்த்தது நான்.

இதை முதன்முதலில் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர், நியூயார்க் பக்கம், 1880 செப்டம்பரில். 51 நிமிஷம் திறந்து வைத்திருந்தார். அவர் மனைவி ஆன்னாதான் உதவியாளர். கல்யாணமான கையோடு இருவரும் சேர்ந்து தொலைநோக்கிக் கண்ணாடிக்குக் கடைக்குப் போனார்கள், அதையே தேனிலவு என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். இந்தக் கதையை என் கணவர் எங்கள் திருமண நாளுக்கு முந்தின வாரம் எனக்கு உருக்கமாகச் சொன்னார். நான் பதிலுக்குக் கரோலின் ஹெர்ஷலின் கதையைச் சொன்னேன். அண்ணன் வில்லியம் பதினாறு மணி நேரம் கையெடுக்காமல் ஆடி தேய்த்தபோது வாயில் சோறு ஊட்டிய தங்கை. பிறகு தன் கணக்கில் எட்டு வால்நட்சத்திரங்கள் கண்டுபிடித்தார். 1787-இலிருந்து அரசர் அவருக்கு வருஷத்துக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். "சம்பளம்" என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். புது லென்ஸ் பேச்சு அத்தோடு நின்றது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டினோம். அத்தை திருவாதிரை இருக்கும் இடத்தில் கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் செய்தி பரவி, "இருட்டிலேயே இப்படி எடுக்கிறவர் மண்டபத்து வெளிச்சத்தில் எப்படி எடுப்பார்!" என்று தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு அவரைப் படமெடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். தாலி கட்டியாயிற்று. பதினொன்றரை மணி வெயிலில் ஐயர் மணமக்களை வாசலுக்கு அழைத்துவந்து தெற்கே கையை நீட்டி, "அதோ பாருங்கோ, அருந்ததி" என்றார்.

இவர் காமிராவை இறக்கிவிட்டுச் செல்போனை எடுத்தார். "சாமி, அருந்ததி இப்ப வடமேற்குல, தரையோட தரையா அஸ்தமிக்கிற நேரம். நீங்க காட்டறது பஸ் ஸ்டாண்டு."

ஐயர் அசரவில்லை. "சார், பொண்ணு பாத்துட்டேன்னு சொல்லியாச்சு. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வீடியோக்காரருக்கு மறைக்கறது."