காஸ் கிரில்லின் பிணிகளும் அவற்றுள் சிலந்தியின் ஸ்தானமும்: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க இல்லங்களின் புழக்கடையில், வசந்தம் பிறந்ததும் உறை நீக்கப்பெற்று, மாட்டிறைச்சிக்கும் மக்காச்சோளத்துக்கும் பாரபட்சமின்றி அக்கினிப் பிரவேசம் செய்துவைக்கும் காஸ் கிரில் என்ற சாதனத்தைப் பற்றி இதுகாறும் வெளிவந்துள்ள நூல்கள் யாவும், அதை விற்றவர்களாலேயே எழுதப்பட்டு, அதனுடனேயே பெட்டியில் வந்து, அந்தப் பெட்டியுடனேயே குப்பைக்கும் போய்விடுவதால், இத்துறையில் நடுநிலை ஆராய்ச்சி இன்னும் தொடங்கவேயில்லை என்று கொள்வதில் பிழையில்லை.

இச்சாதனத்துக்கு வரும் பிணிகள் நான்கு: எரியாமை, மந்தமாக எரிதல், மஞ்சளாக எரிதல், எரியக்கூடாத இடத்தில் எரிதல். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து யோசனை சொல்லுதலை ஐந்தாவதாகச் சேர்ப்பர் ஒரு சாரார். அது பிணியன்று, உபத்திரவம் என்க.

எரியாமைக்குக் காரணம் சிலிண்டர் காலியாயிருத்தல். வெந்நீரை அதன் பக்கவாட்டில் ஊற்றிக் கையால் தடவினால், திரவம் உள்ள மட்டம் வரையில் குளிர்ந்திருக்கும். குளிர்ச்சியே தட்டுப்படவில்லையெனில் கடைக்குப் போக வேண்டியதுதான்.

மந்தமாக எரிதல் தர்க்க சாஸ்திரத்தைச் சார்ந்தது. பர்னர்களின் குமிழ்களை மூட மறந்துவிட்டுச் சிலிண்டர் வால்வைத் திறந்தாலும், குமிழ்கள் மூடியிருந்தும் வால்வை வெடுக்கென்று திறந்தாலும், வாயு ஒரேயடியாகப் பாய்வதைக் கண்ட ரெகுலேட்டர் இணைப்பிலுள்ள காப்புக் கருவி, எங்கேயோ குழாய் அறுந்துவிட்டது என்று அனுமானித்து, வாயுவின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. பிரத்தியட்சத்தைத் துறந்து அனுமானம் ஒன்றையே பற்றிக்கொண்டு, பிறகு யார் சொல்லியும் மாறாமலிருக்கும் இக்கருவியை நாம் குறை கூறத் துணியோம். இதே முறையில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே பலர் உளர். யாவற்றையும் மூடி, சிலிண்டரைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மீண்டும் மாட்டி, வால்வை மெல்லத் திறந்தால் கருவி தன் கட்சியை விட்டுக்கொடுத்துவிடும். டாக்டர்களுக்கு இந்தச் சிகிச்சை பலிப்பதில்லை.

இனி மஞ்சளாக எரிதல். வாயு பர்னரை அடையுமுன் வெஞ்சுரி என்னும் குழாயின் வாயிலில் காற்றைச் சேர்த்துக்கொள்கிறது. போதிய காற்றுச் சேர்ந்தால் நீலச்சுடர், குறைந்தால் மஞ்சட்சுடர். காற்று குறைவானேன் என்று ஆராயப் புகுந்தோர் அனைவரும் இறுதியில் வந்து நிற்குமிடம் சிலந்தி. குளிர்காலம் முழுதும் சும்மா கிடந்த அக்குழாயினுள் சிலந்தி குடிபுகுந்து வலை பின்னிவிட, வழி அடைபட்ட வாயு பின்னோக்கி வந்து குமிழ்களின் அருகே எரியத் தொடங்குவதே நான்காம் பிணியும் ஆகும். சிலந்தி இங்ஙனம் செய்யுமா என்று ஐயுறுவார்க்கு ஒரு பிரமாணம்: 2011இல் மஸ்டா கம்பெனி வட அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட மோட்டார் கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டாங்கியின் காற்றுக்குழாயில் மஞ்சள் நிறச் சிலந்தி இனமொன்று வலை பின்னியதன் பொருட்டேயாம்.

ஆனால் சிலந்தி குழாயினுட் புகுந்து பெருங்கேடு விளைத்த செய்தி அமெரிக்காவில்தான் முதலில் பதிவாயிற்று என்பார் பெரிய புராணத்தை மறந்தார். திருவானைக்காவில் இறைவன் மீது சருகு உதிராதவாறு சிலந்தி வலைப்பந்தர் இட்டதும், அதை அநுசிதம் என்று யானை சிதைத்ததும், வெகுண்ட சிலந்தி துதிக்கையினுட் புகுந்து கடிக்க இரண்டும் மடிந்ததும், அச்சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏறமுடியாத மாடக்கோயில்களைக் கட்டியதும் சேக்கிழார் வாக்காலும் மரபுவழிக் கதையாலும் நாம் அறிந்தவை. துதிக்கை என்பது வெஞ்சுரியே என்பதை நிறுவ மூன்று சான்றுகள் உள. முதலாவது, இரண்டும் நீண்டவை. இரண்டாவது, இரண்டிலும் காற்று செல்லும். மூன்றாவது சான்று ஓர் ஓலைச்சுவடியில் செல்லரித்துப்போன பகுதியில் இருக்கிறது; அரிபடாத பகுதிகளில் இக்கருத்து எங்கும் காணப்படாமையால், அது அரிபட்ட பகுதியில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. இச்சுவடிக்கு உரை கண்ட பெயர் அறியப்படாத ஆசிரியர் இதை மறுத்ததாகவும், அம்மறுப்பை அவருடைய மாணாக்கர் தாம் எழுதாமல் விட்ட நூலில் கண்டித்ததாகவும், அந்நூலுக்கு இன்னொருவர் எழுதிய முன்னுரை மட்டும் கிடைத்துள்ளதாகவும், அம்முன்னுரையில் அவ்வுரையாசிரியரைப் பற்றிய பேச்சே இல்லாதது அவர்மீது கொண்ட மரியாதையாலென்றும் சொல்வர். ஆகவே காஸ் கிரில் சோழநாட்டில் இருந்தது. அதில் எதை வாட்டினர் என்பது குறித்துச் சைவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடுமாதலால் மேற்செல்லாது விடுகிறோம்.

வலையை அகற்றுவதற்கென நீண்டு வளையும் தூரிகை விற்கிறார்கள். பர்னரைக் கழற்றி அதை நுழைக்க வேண்டும். நுழைத்தபின் முன்னும் பின்னும் ஆட்டுவதா, சுழற்றுவதா என்பதில் வடபள்ளியினருக்கும் தென்பள்ளியினருக்கும் நெடுங்காலமாக வழக்கு நடக்கிறது. இரு பள்ளியினரும் இதுவரையில் தூரிகை வாங்கியதில்லை.

கசிவை அறியச் சோப்பு நீரை இணைப்புகளில் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பதும் ஒரு முறையே; அதில் முடிவு சீக்கிரம் தெரிந்துவிடும்.

பற்றவைக்கும்போது கிரில்லின் மூடி திறந்தேயிருக்க வேண்டும், மூடிக்கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும் என்பதில் மட்டும் எல்லா ஆசிரியர்களும் ஒருமித்த அபிப்பிராயமுடையவர்கள். மாறுபட்ட கொள்கையினர் சிலர் இருப்பதாகக் கேள்வி. அவர்களுக்குப் புருவம் முளைத்தபின் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டு வெளியிடுவோம்.