கெற்றப்போலும் ரியூப் தட்டுப்பாடும்

யாழ்ப்பாணத்து இணுவிலில் பொழுதுபோக்குக்காகச் சுடுகிறவர்களின் ஆயுதம் கெற்றப்போல் என்னும் உண்டிவில். குடாநாட்டில் வேட்டைத் துவக்கு வைத்திருந்த வீடுகளும் ஒரு காலத்தில் இருந்தன. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். 1980களில் அந்தத் துவக்குகள் எப்படி இயக்கங்களிடம் கைமாறின என்பதை ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கெற்றப்போலை மட்டும் எவரும் கேட்டு வாங்கவில்லை.

அதற்கு வேண்டியவை ஒரு கவர்த்தடி, இரண்டு ரியூப் வார், ஒரு துண்டுத் தோல், கல். கவர்த்தடியைக் கொய்யா மரம் இலவசமாகத் தரும். மரத்தின் சொந்தக்காரர் தருவாரா என்பது வேறு விடயம். தோலைப் பழைய சப்பாத்தின் நாக்கிலிருந்து வெட்டுவார்கள். இவை இரண்டுக்கும் எக்காலத்திலும் விலை ஏறியதில்லை.

கல் அப்படியல்ல. குடாநாடு முழுவதும் அடியில் சுண்ணாம்புக்கல். மழைக்காலத்தில் மட்டும் தன்னை ஆறு என்று நினைத்துக்கொள்ளும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு கிடையாது. ஆறில்லாத ஊரில் கூழாங்கல் எப்படி வரும்? தோட்டத்துச் செம்மண்ணில் பொறுக்கும் சுண்ணாம்புக்கல் கோணல்மாணலானது. மாங்காய்க்குக் குறிவைத்தால் பக்கத்துக் காணிக்குப் போகும். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் தண்டவாளம் இணுவில் வழியாகப் போவதால், சிலிப்பர்க் கட்டைகளுக்கு இடையே கிடந்த கருங்கல்லே ஊரின் ஆயுதக் களஞ்சியம். 1990இல் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. கல் மட்டும் பற்றைக்குள் மிஞ்சியது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பாதை நெடுகப் புதுக் கல் கொட்டப்பட்டிருந்தது. ரயில்வேக்காரர் இதைப் பயணிகளுக்கான சேவை என்றே எண்ணியிருப்பர். பாதையில் கல் எடுப்பது குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

களிமண்ணை உருட்டிக் காயவைத்தும் சுடலாம். இராமன் சிறுவயதில் கூனியின் மேல் விட்டது மண்ணுண்டைதான் என்கிறார் கம்பர். ஓர் உண்டைக்கு அயோத்தி கொடுத்த விலை 14 ஆண்டு வனவாசம். இணுவிலில் அதற்குத் தோதான களிமண் கிடையாது. செம்மண் உருண்டை வாரை இழுக்கும்போதே தோலுக்குள் உதிர்ந்து, சுடுகிறவரின் கண்ணில்தான் படும்.

உண்மையான தட்டுப்பாடு ரியூப்பில் வருகிறது. மோட்டார் சைக்கிள் ரியூப் தடிப்பு. சிறுவர் கைக்கு இழுபடாது. கார் ரியூப்பை இழுக்க ஆனையைத்தான் கூப்பிட வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பே உகந்தது. ஒரு சாண் நீளத்தில், விரல் அகலத்தில், சீராக வெட்டவேண்டும். கத்தரிக்கோல் ஓரிடத்தில் தடுமாறி ஓரம் பிசிறினாலும் பத்தாவது இழுப்பில் அங்கேதான் அறும். ஒட்டுப் போட்ட இடத்தையும் விட்டுவிட வேண்டும். ஒட்டின் விளிம்பில் ரப்பர் கிழியும். ஆகவே ரியூப் எவ்வளவு நீளம் என்பதை விட, இரண்டு ஒட்டுக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதே கணக்கு.

பெற்றோல் இல்லாமற் போகும்போதெல்லாம் இந்த இடம் சுருங்கும். 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்ததும், கார்கள் சில துளி பெற்றோலைக் குடித்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மற்றவர்கள் சைக்கிளில் ஏறினார்கள். சீமெந்தும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில் போன காலத்தில் ரியூப்பை யார் எறிவார்? ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டார்கள். 2022இல் அதே கதை. மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட, 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தார்கள். ஊர் மறுபடியும் சைக்கிளுக்குத் திரும்பியது. சைக்கிளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறின. முன்பு கிழிந்த ரியூப்பைச் சும்மா தூக்கிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரர், "இல்லையடா தம்பி, இதையும் ஒட்டலாம்" என்று அதைத் திரும்ப வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி பார்த்தார்.

அமெரிக்காவில் இதே நோய் தலைகீழாக வந்தது. 2020இல் துவக்குகள் தாராளமாக இருக்க, ரவைதான் அலுமாரிகளிலிருந்து மறைந்தது. பயத்தில் வாங்கினார்கள், கிடைக்காது என்று கேள்விப்பட்டதும் இன்னும் வாங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ரவை செய்த ரெமிங்ரன் நிறுவனம் வங்குரோத்து மனுக் கொடுத்ததும் உதவவில்லை. விலை சில மடங்கானது. சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற இணுவில்காரருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மாற்று வழிகள் உண்டு. போளை உருண்டை திறம், நேரே போகும். ஆனால் போளை காசு. சுட்டவர் குறியைப் பார்ப்பதை விட்டு, அது எங்கே விழுந்தது என்று பார்க்கத் தொடங்குவார். அதற்குப் பிறகு மாங்காய்க்கு ஆபத்தில்லை. சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டு இன்னும் நேராகப் போகும். போர்க்காலத்தில் அதைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடப்பது, குறி தவறாமல் சுடுவதை விடக் கடினம். வேப்பங்காய் மலிவு, மெத்தென்றது, யாரையும் காயப்படுத்தாது. ஆகவே அதை எவரும் விரும்புவதில்லை.

வார் அறுந்தால் இரண்டையும் கழற்றி, நல்ல பகுதியை மட்டும் வெட்டிக் குட்டையாகக் கட்டுவார்கள். தூரம் குறையும், மரத்துக்குக் கிட்டப் போய்ச் சுடவேண்டியிருக்கும். மீன் ரின்னை மதிலில் வைத்துப் பழகுவோருக்கு இது நட்டமில்லை. முந்திரிகைத் தோட்டத்தில் குருவி கலைப்பவருக்கு நட்டம்தான். கணக்கில் கடைசியாக வருவது பக்கத்து வீட்டு ஓடு. அதன் விலையும் சீமெந்தோடு சேர்ந்தே ஏறியிருக்கிறது. அதைக் கட்டுவது சுட்டவரல்ல, அவருடைய அப்பா.