ஒரு வாரக் கேப்டன்

டார்ட்டோலா தீவில் வாடகைப் படகின் சாவி கைக்கு வரும் வரை அவர் சாதாரண மனிதர்தான். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் பல் பிடுங்கிக்கொண்டிருப்பார், அல்லது கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். சாவி வந்ததும் கேப்டன். மனைவி அந்த நிமிடமே 'குழுவினர்' ஆகிவிடுவார்.

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் கடல் அவரை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. அடுத்த தீவு கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். சோதிப்பது மிதவை. கடலடியில் பிணைத்த மிதவையின் கயிற்றைக் கொக்கிக் கம்பால் தூக்கிக் கட்டிவிட்டால் இரவு நிம்மதி. மதியத்துக்குள் போய்விட வேண்டும், தாமதித்தால் கிடைக்காது. சில விரிகுடாக்களில் காலை 7 மணிக்குச் செல்பேசியில் முன்பதிவு. நம்மவர் ஆறரைக்கே கட்டைவிரலைத் தயாராக வைத்திருப்பார்.

நார்மன் தீவின் பைட் விரிகுடாவில் காலி மிதவைகள் இருந்தும் அவருக்கு எதுவும் பிடிக்காது. கரையோரம் என்றால் கொசு. வாய்ப்பக்கம் என்றால் ஆட்டம். நடுவில் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர். பெண் பார்க்கப் போனவர்போல் ஒவ்வொன்றையும் சுற்றிவந்து முடிவெடுப்பதற்குள் அதில் வேறொருவர் கட்டியிருப்பார்.

கிடைத்ததைப் பிடிக்கும்போதுதான் நாடகம். காற்றை எதிர்த்து மெல்லப் போக வேண்டும். கடைசி நேரத்தில் மிதவை படகின் மூக்குக்கு அடியில் மறைந்துவிடும். முன்னால் நிற்கும் மனைவிக்கு மட்டும் தெரியும். தனக்குத் தெரியாததால்தான் கேப்டனின் குரல் உயர்கிறது. இதற்கென்றே காதில் மாட்டிப் பேசும் கருவி விற்கிறார்கள். படகுக்காரர்கள் அதைத் 'தாம்பத்தியக் காவலன்' என்கிறார்கள். அது இல்லாத படகென்றால் விரிகுடா முழுவதும் ரம் கோப்பையோடு மேல்தளத்துக்கு வந்துவிடும்.

கரை இறங்குவதும் எளிதல்ல. வர்ஜின் கோர்டா தீவின் 'பாத்ஸ்' பாறைகளுக்குப் போனால் டிங்கி எனும் சிறுபடகைக் கடலிலேயே கயிற்றில் கட்டிவிட்டு நீந்த வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பியவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

யோஸ்ட் வான் டைக் தீவின் ஒயிட் பேயில் 'சாகி டாலர்' மதுக்கடைக்குப் படகுத்துறையே கிடையாது. நீந்தி வந்தவர்கள் நனைந்த நோட்டை நீட்டியதால் வந்த பெயர் அது. அங்கே கேப்டன் ஒரு 'பெயின்கில்லர்' பானத்தை வைத்துக்கொண்டு, முடிச்சு போடும் கலையைப் பக்கத்திலிருந்த அந்நியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி தன் கோப்பையைக் காலி செய்யும் வரை பொறுமையாக இருந்தார்.

"கேப்டன், நம்ம டிங்கி போகுது."

கீழைக்காற்று அதை மேற்கே, அமெரிக்கத் தீவுகள் இருக்கும் பக்கமாக, பாஸ்போர்ட் கூட இல்லாமல் தள்ளிக்கொண்டு போனது.