தண்ணி எப்படிப்பா?

இன்னா நைனா, ரியல் எஸ்டேட்ல இறங்கப் போறியாமே? நல்ல விஷயம். விசிட்டிங் கார்டுகூட அடிச்சாச்சாம். பேருக்குக் கீழ 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி'ன்னு போட்டுக்கினியாம். ஆபீஸ்ல எத்தினி பேரு? நீ ஒருத்தன்தானே? அப்போ நீ யாருக்குத் தலைமை, உன் மோட்டார் பைக்குக்கா?

கோட்டு வேற தைக்கக் குடுத்துருக்கியாம். வேலூர் சித்திரை வெயில்ல கோட்டு! மனையைக் காட்டறதுக்குள்ள நீ மயங்கி விழுந்தா, பார்ட்டி மனையைப் பாப்பாரா, உனக்கு சோடா வாங்க ஓடுவாரா?

காலங்காத்தால லோடு இறங்கற நேரமா லாங் பஜாருக்குப் போ. மண்டியில லட்ச லட்சமா புரட்டற ஆளு இன்னா போட்டுக்கினு உக்காந்துருக்காரு? மடிச்சுக் கட்டின லுங்கி, மேல ஒரு பனியன். கார்டும் இல்ல, கோட்டும் இல்ல. ஆனா போன்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், கடனுக்குச் சரக்கு வந்து இறங்கும். ஏன்? சொன்ன தேதிக்குப் பணம் போயிடும். இந்த ஊர்ல முதலுன்னா அதான்.

நம்ம ஊரைப் பத்திப் பழைய கிண்டல் ஒன்னு கீது. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலுன்னு. 1981-ல ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கோட்டைக்குள்ள கொண்டாந்து வெச்சு ஒரு பழியைத் துடைச்சாங்க. 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு வந்து தன் பழியைத் தானே துடைச்சுக்கிச்சு. கிண்டல்ல காலியான அந்த இடத்துக்குத்தான் நீ வந்துட்டியே, மனையே தெரியாத மனை ஏஜெண்டு!

உன் நோட்டீஸைப் படிச்சேன். சி.எம்.சி. பத்து நிமிஷம், வி.ஐ.டி. அஞ்சு நிமிஷமாம். எதுல போனா? சாயங்காலம் கிரீன் சர்க்கிள்ல மாட்டிக்கினவனைக் கேளு, நிமிஷம்னா இன்னான்னு சொல்வான். விமான நிலையம் பக்கம்னு வேற போட்டுருக்க. அப்துல்லாபுரத்துல விமானம் வருது, வருதுன்னு சொல்லியே எத்தினி வருசமா மனை வித்தாங்க தெரியுமா? விமானத்துக்கு முன்னாடி விலை பறந்துடுச்சு. பேருல மட்டும் சிட்டி, கார்டன், அவென்யூ. உள்ள போனா வேலிக்காத்தான்.

ஆத்தோரம் மனை, ஜில்லுனு காத்துன்னும் எழுதியிருக்க. 1903-ல இதே பாலாறு வாணியம்பாடிக்குள்ள பூந்து அடிச்ச அடியை எங்க பெரியவங்க கதையா சொல்லிக் கேட்டவன் நான். ஆறு தூங்கும், சாவாது. அதோட எடத்தை நீ கூறு போட்டு வித்தா, அது வந்து கேக்காதா?

சரி, ஏஜெண்டுன்னு பதிவு பண்ணிட்டியா? முழிக்கிற பாரு! ரெரான்னு 2016-ல சட்டம் வந்துச்சு. 500 சதுர மீட்டருக்கு மேல போற லே-அவுட்டை அதுல பதியணும். அதுல மனை வித்துக் குடுக்கிற ஏஜெண்டும் தன் பேரைப் பதிஞ்சுக்கணும். பதியாம வித்தா நாளு ஒன்னுக்கு 10,000 ரூபா அபராதம். அது ஏறி ஏறி, விக்கிற சொத்து விலையில நூத்துக்கு அஞ்சு வரைக்கும் போகும். உன் கமிஷனே நூத்துக்கு ஒன்னு, மிஞ்சினா ரெண்டு. மிச்சத்துக்கு எந்த மனையை விப்ப, உங்கப்பன் வூட்டையா?

தொழில் கத்துக்க எங்கயோ ஆயிரக்கணக்குல கட்டி வகுப்புக்குப் போறியாம். நான் காசில்லாத பள்ளிக்கூடம் ஒன்னு சொல்றேன். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போ. நல்ல தரகர் கொம்புக்கு அடிச்ச பெயிண்டைப் பாக்க மாட்டாரு. வாயைப் பிளந்து பல்லைப் பாப்பாரு. துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசறது அதுக்கப்புறம்தான். மனைக்குப் பல்லு எது? தாய்ப்பத்திரம்.

யாரு கையிலேருந்து யாரு கைக்கு வந்துச்சுன்னு சங்கிலி அறாம படி. 30 வருச வில்லங்கம் போட்டுப் பாரு. பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துக்கினு போய், கல்லு நட்ட எடத்துல நில்லு. காகிதத்துல கிழக்கால ஒரு வாய்க்கா ஓடுதே, நேர்ல எங்க? காணோமா? அது மேலதான் நீ நின்னுக்கினு கீற.

வில்லங்கம் சுத்தம்னு குதிக்காத. பதிவானதுதான் அதுல வரும், அடுப்பாங்கரைச் சண்டை வராது. 'அண்ணன் தம்பி மூணு பேரும் கையெழுத்துப் போட்டுடுவோம்'னு விக்கிறவரு சொல்வாரு. அக்கா தங்கச்சி எங்கன்னு கேளு. பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துடுச்சு, நாடு முழுக்க 2005-ல வந்துச்சு. முஸ்லிம் குடும்பத்துல பொண்ணோட பங்கு அதுக்கும் ரொம்ப முந்தியே கீது. 'சீர் செஞ்சு அனுப்பிட்டோமே'ம்பாங்க. சீருக்கு எந்த சார்பதிவாளர் ரசீது குடுத்தாரு?

அளவாவது தெரியுமா? ஒரு சென்ட்டு 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400. அஞ்சரை சென்ட்டுன்னா ஒரு கிரவுண்டுக்கு நாலடி குறையும். நாலடிதானேன்னு சிரிக்காத. நாலடிக்காக நாப்பது வருசம் கோர்ட்டுக்கு நடக்கிற ஜனம் இது.

2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு, அனுமதி வாங்காத மனையைப் பதியாதேன்னு. கழனியை வகுந்து கல்லு நட்டு வித்தவங்க மூஞ்சியை நீ அன்னைக்குப் பாத்துருக்கணும். கட்டின முன்பணத்தைத் தேடி ஜனம் அலைஞ்சது. அடுத்த வருசம் வரன்முறைத் திட்டம்னு ஒரு வாசல் தொறந்தாங்க. அதுவும் 2016 அக்டோபர் 20 வரைக்கும் ஆன மனைங்களுக்குத்தான். அதனால 'அனுமதி இப்போ வந்துடும்'னு எவனாவது சொன்னா, வந்தப்புறம் கூப்புடுன்னு சொல்லு.

இத்தினியும் கத்துக்கினு நீ போய் நின்னாலும், வாங்க வர்ற வூட்டம்மா உன்னைக் கேக்கப் போற மொதக் கேள்வி வேற. 'தண்ணி எப்படிப்பா?'

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு இந்தப் பக்கம் பூரா தோலு தொழில் சோறு போட்டுச்சு. இல்லைன்னு சொன்னா வாய் வெந்துடும். ஆனா தோலு பதனிட்ட கழிவு பாலாத்துலயும் கிணத்துலயும் இறங்கினதும் நிஜம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் டெல்லி வரைக்கும் வழக்குக்குப் போச்சு. கெடுத்தவன்தான் ஈடு கட்டணும்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு. 2025 ஜனவரியிலயும் அதே கோர்ட்டு நம்ம பாலாத்தைப் பத்தித் தீர்ப்பு எழுத வேண்டியதாப் போச்சு. நம்ம கிணத்து உப்பை நாடு முழுக்க வக்கீலுக்குப் படிக்கிற புள்ளைங்க பாடமாப் படிக்குது. இங்கயே பொறந்து இங்கயே மனை விக்கிற உனக்குத் தெரியாதுன்னா வெக்கமா இல்ல?

டிரோன் பறக்க விட்டு வீடியோ எடுக்கிற. மேலேருந்து பாத்தா தண்ணி உப்புக் கரிக்குதான்னு தெரியுமா? பக்கத்துக் கழனிக்காரர் கிட்ட ஒரு டம்ளர் வாங்கிக் குடி. தொண்டையில இறங்கலைன்னா பார்ட்டிகிட்ட உள்ளதைச் சொல்லிடு. அன்னைக்குக் கமிஷன் போவும். ஆனா அவரே நாலு பேரை உன்கிட்ட அனுப்புவாரு. மறைச்சு வித்தா? அதே நாலு பேரு உன் வூட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

இன்னொன்னு. இதுல மாசம் பொறந்தா சம்பளம் இல்ல. பேசினது பத்து, பதிவானது ஒன்னுன்னு போவும். இருக்கிற வேலையை நாளைக்கே உதறாத. வட்டிக்கு வாங்கிக் காரு எடுக்காத. கார்ல வந்து இறங்கறவன் சொல்ற விலையில அந்தக் காரோட தவணையும் கீதுன்னு கிராமத்தானுக்கும் தெரியும்.

செலவு பண்ணியே தீரணும்னா ஆம்பூருக்குப் போய் நல்ல செருப்பா ஒரு ஜோடி வாங்கு. கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ், சார்பதிவாளர் ஆபீஸ், கழனி வரப்புன்னு ஒரு வருசம் நட. அது தேஞ்சப்புறம் வந்து விலை சொல்லு, நானே ஒரு மனைக்கு முன்பணம் குடுக்கறேன்.