கில்லிக்கு எதற்கு டிக்கெட்?

கேள்வி: வீட்டில் 55 அங்குல டிவி இருக்கிறது, ஓடிடியும் இருக்கிறது. அப்புறமும் பெரிய ஹீரோ படமென்றால் ஜனங்கள் ஏன் தியேட்டருக்கு ஓடுகிறார்கள்?

பதில்: வீட்டில் விசிலடித்தால் குக்கர் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிடுவார்களே!

2004இல் வந்த ‘கில்லி’யை டிவியில் பார்த்துப் பார்த்து, விஜய்க்கு முன்பே வசனம் சொல்லும் அளவுக்குத் தமிழ்நாடு தேறிவிட்டது. அதே படம் 2024 ஏப்ரலில் மறுபடி திரைக்கு வந்தபோது காசு கொடுத்துக் கூட்டம் அலைமோதியது. கதை தெரிந்துகொள்ளவா போனார்கள்? ‘அப்படிப் போடு’ பாட்டுக்கு முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடப் போனார்கள். சோபாவில் ஏறி ஆடினால் அம்மா சும்மா விடுவாரா?

‘மாஸ்டர்’ இன்னும் நல்ல சாட்சி. 2021 பொங்கலையொட்டி, கொரோனா பயமும் பாதி இருக்கைக் கட்டுப்பாடும் இருந்த நேரத்தில் வந்த படம். 16 நாளில் ஓடிடிக்கும் வந்துவிட்டது. ரசிகர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

சின்னப் படங்களுக்குத்தான் இந்த யோகமில்லை. “ஓடிடியில் வரட்டும், பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைப்பார்கள். வந்த பிறகு, பாதியில் தூங்கிவிட்டு, “படம் கொஞ்சம் ஸ்லோ” என்பார்கள்.